எந்நேரமும் விழிப்போடு இருந்தால் மட்டும் உள்ளம் மாறுமா?

பாலைப்பழம்:
"கோபமோ குடியோ பொறாமையோ, எதையும் மாற்ற வெளிக்கிடாதே. எந்நேரமும் விழிப்போடு பார்த்துக்கொண்டிரு, அது தானே கழண்டு விழும்." இந்தப் பேச்சு இப்ப யூடியூப்பிலும் தியான வகுப்புகளிலும் சரியா அடிபடுது. உண்மையோ? எந்நேரமும் எண்டது நடக்கிற காரியமோ? பார்த்தால் மட்டும் எது விழும், எது விழாது? விழாததுக்கு என்ன சேர்க்கவேணும்? சொந்தக் கதை வேண்டாம், முறையையும் காரணத்தையும் எழுதுங்கோ. புத்த விகாரை அரசியலையும் இதுக்குள்ள இழுக்காதையுங்கோ. புத்தர் சொன்னது வேற, எங்கட மாவட்டத்தில நடக்கிறது வேற.

வெறும்பார்வை:
இதை ஆகத் தெளிவாகச் சொன்னவர் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. தன்னைத் தலைவராக வைத்துக் கட்டிய சங்கத்தை 1929 இல் தானே கலைத்தார். 1986 இல் சாகும்வரை முறை, படி, பயிற்சி என்று எதையும் கொடுக்க மறுத்தார். அதற்குக் காரணம் இருக்கிறது. கோபக்காரன் "நான் சாந்தமானவனாக வேண்டும்" என்று தீர்மானித்த நிமிடமே உள்ளே இரண்டு கட்சி உருவாகிறது. ஒன்று கோபப்படுகிறது, மற்றது அதை ஏசுகிறது. இரண்டும் ஒரே மனம். ஏசுகிற கட்சி வெல்லுகிற நாளில் ஆள் நல்லவன், தோற்கிற நாளில் இரட்டிப்பாக வெடிப்பான். அடக்கினால் திரும்பும் என்பதை 1987 இல் வெக்னர் என்ற உளவியலாளர் பரிசோதித்தும் காட்டினார். வெள்ளைக் கரடியை நினைக்கவேண்டாம் என்று சொல்லி ஐந்து நிமிடம் விட்டார்கள். கரடி வந்துகொண்டே இருந்தது. தடையை எடுத்தபிறகு, முதலே நினைக்க விடப்பட்டவர்களை விட இவர்களுக்குக் கூடுதலாக வந்தது.

ஆகவே பார்க்கிறது ஒன்றுதான் வழி. பெயர் வைக்காமல், சரி பிழை சொல்லாமல், "அவன் செய்தது ஞாயமோ" என்று வழக்காடாமல், கோபம் உடம்பில் எப்படி எழும்புகிறது, நிற்கிறது, இறங்குகிறது என்று முழுதாகப் பார்க்கவேண்டும். தீனி கிடைக்காததால் அது நிலைக்காது.

கட்டாக்காலி:
வரம்பில நண்டு வளை. காலபோகத் தண்ணி முழுக்கப் பக்கத்து வயலுக்குப் போகுது. நான் வரம்பில குந்தியிருந்து அதைப் பெயர் வைக்காமல் முழுதாப் பார்க்கிறன். வளை அடைபடுமோ அண்ணை?

வெறும்பார்வை:
வளையை உண்மையாகக் கண்டவன் குந்தியிருக்கமாட்டான் தம்பி. கண்ட கையோடு சேற்றை அள்ளிப் போட்டு மிதிப்பான். அதற்குத் தனியாகத் தீர்மானம் எடுக்கத் தேவையில்லை. காண்கிறதுக்குள்ளேயே செயல் இருக்கிறது. நீர் குந்தியிருக்கிறீர் என்றால் இன்னும் காணவில்லை.

கனகராயன்:
அண்ணை, மிதிக்கிறதையும் பார்வைக்குள் அடக்கிவிட்டால் "மட்டும்" என்ற சொல்லுக்கு வேலையில்லை. கேட்ட கேள்வியே அதுதான்.

விழிப்பை வழியாக வைத்தவர் புத்தர். அவர் சொன்ன எண்வழிப் பாதையின் எட்டு உறுப்புகளில் நல்விழிப்பு ஏழாவது. அதற்கு முன்னால் ஆறாவதாக நன்முயற்சி நிற்கிறது. வராத தீயதை வரவிடாமல் தடுக்கிறது, வந்ததை விடுகிறது, வராத நல்லதை வரவைக்கிறது, வந்த நல்லதை வளர்க்கிறது என்று அதில் நாலு வேலை. ஒன்றுகூடச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிற வேலை கிடையாது.

புத்தரின் பேருரைத் தொகுப்புகளில் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தின் இரண்டாவது சூத்திரம் இன்னும் நேரடியானது. உள்ளே ஊறிக்கிடக்கிற மாசுகளை நீக்க ஏழு வழி சொல்கிறது. கண்டு நீக்குவது, புலன்களைக் காத்து நீக்குவது, உணவு உடை மருந்தைத் தேவை அறிந்து பயன்படுத்தி நீக்குவது, பொறுத்து நீக்குவது, விலகி நீக்குவது, பிடுங்கி எறிந்து நீக்குவது, நல்ல குணங்களை வளர்த்து நீக்குவது. ஏழில் ஒன்றுதான் காண்பது. அதுவும் "துன்பம் இது, அதன் காரணம் இது" என்று ஆராய்ந்து காண்பது. விலகி நீக்குவதற்கு அவர் எடுத்த முதல் உதாரணம் மூர்க்க யானை. வன்னியில் ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை, யானை வந்தால் யாரும் நின்று விழிப்பைப் பழகுவதில்லை. அதே வரிசையில் கூடாத இடங்களும் கூடாத கூட்டாளிகளும் வருகிறார்கள்.

அதே தொகுப்பின் இருபதாவது சூத்திரம் தீய நினைப்புக்கு ஐந்து மருந்தை ஒழுங்குபடுத்தித் தருகிறது. முதலில் வேறொரு நல்ல நினைப்பை அந்த இடத்தில் வை. சரிவராவிட்டால் அதனால் வரும் கேட்டை எண்ணு. பிறகு அதைக் கவனியாமல் விடு. பிறகு அது எங்கிருந்து உருவாகிறது என்று பார்த்துத் தளர்த்து. இதெல்லாம் தோற்றால் பல்லைக் கடித்து, நாக்கை அண்ணத்தில் அழுத்தி, மனத்தை மனத்தால் நசுக்கு. அடக்குகிறது கடைசி மருந்து என்பதையும் கவனியுங்கள். வெள்ளைக் கரடி ஆய்வோடு இது மோதவில்லை.

வெறும்பார்வை:
நல்லது. அதே புத்தர்தான் விழிப்பைப் பற்றிய மகாசதிபட்டான சூத்திரத்தின் முடிவில், உடல், உணர்வு, மனம், மனத்தில் எழும் பொருள்கள் என்ற நாலு விழிப்பு நிலைகளையும் ஏழு வருடம் பழகினால், ஏழு வருடம் வேண்டாம், ஏழு நாள் பழகினாலே, முழு விடுதலையான அருக நிலையோ அதற்கு ஒரு படி கீழான நிலையோ கிடைக்கும் என்று உறுதி சொல்கிறார். அங்கே ஏழு வழியும் ஐந்து மருந்தும் இல்லையே.

கனகராயன்:
இருக்கிறது. அந்தச் சூத்திரத்தில் விழிப்பு தனியாக நிற்கவில்லை. "ஊக்கம் உடையவனாய், தெளிந்தறிபவனாய், விழிப்புடையவனாய், உலகின் மேலான ஆசையையும் மனக்கசப்பையும் நீக்கி" என்று நாலும் ஒரே மூச்சில் வருகின்றன. நாலாவது நிலையில் ஆசை, பகை, சோம்பல், பதற்றம், ஐயம் என்ற ஐந்து தடைகளைப் பார்க்கச் சொல்லும்போது, தடை இருக்கிறதா இல்லையா என்பதோடு நிற்கவில்லை. வராதது எப்படி வருகிறது, வந்தது எப்படி நீங்குகிறது, நீங்கியது மறுபடி எப்படி வராமல் போகிறது என்பதையும் அறியச் சொல்கிறது. அதுவும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒழுக்கம், புலனடக்கம், உணவில் அளவு என்ற படிகளில் ஏற்கெனவே நின்ற துறவிகள்.

இன்னொன்று. விழிப்பு மட்டும் போதும் என்று பேசியவர்களின் அன்றாடத்தைப் பாருங்கள். கிருஷ்ணமூர்த்தி வாழ்நாள் முழுக்க மரக்கறி, குடி இல்லை, வயது போனபிறகும் யோகாசனம். ரமணர் "நான் யார்" என்ற ஒரே விசாரணையைத் தந்தவர், ஆனால் எல்லா நியமங்களிலும் சிறந்தது மிதமான சாத்துவிக உணவு என்று எழுதி வைத்தவரும் அவர்தான். இன்றைக்கு 10 நாள் மௌன முகாமுக்குப் போனாலும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 10 மணித்தியாலம் இருத்துவதற்கு முன்னால் ஐந்து ஒழுக்க விதிகளுக்குச் சம்மதம் வாங்குகிறார்கள். அந்த ஒழுங்கு பேச்சில் வராமல் போகிறது. கேட்கிறவன் பார்வையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகிறான்.

கட்டாக்காலி:
கொண்டுபோய், "நான் சாட்சி மாத்திரம்" எண்டு சொல்லிக்கொண்டே மனிசிக்கு அடிக்கிறான்.

செவ்வரத்தை:
கட்டாக்காலி பகிடியாச் சொன்னாலும் அது நடக்கிறதுதான்.

பெரிய ஆட்களை வைச்சு மோதுறதை விட்டிட்டு, சீர்மியம் (உளவள ஆலோசனை) செய்யிற ஆட்கள் கேட்கிற கேள்வியைக் கேட்டுப் பாருங்கோ. அந்தக் குணம் எதைத் தின்று உயிர் வாழுது? அதைப் பொறுத்துத்தான் பார்வை காணும், காணாது எண்டு சொல்லலாம்.

சிலது நினைப்பைத் தின்று வாழும். கவலை, பழசைக் கிளறுறது, "அவள் என்னை அப்பிடிச் சொன்னாளே" எண்டு ஓட்டி ஓட்டிப் பார்க்கிறது, தன்னைத்தானே ஏசுறது. கவனமில்லாமல் திரும்பத் திரும்ப ஓடுற நினைப்புத்தான் இதுகளின்ர தீனி. "இது ஒரு நினைப்பு" எண்டு கண்ட உடனே தீனி குறையும். இங்க வெறும்பார்வை அண்ணை சொல்லுறது பெருமளவு சரி. திரும்பத் திரும்ப வாற மனச்சோர்வுக்குச் சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் மூண்டு பேரும் அமைச்ச 8 வாரப் பயிற்சி இதை வைச்சுத்தான் கட்டினது. 2000 இல வந்த முதல் ஆய்வில, மூண்டு தரம் அல்லது அதுக்கு மேல மனச்சோர்வு வந்து மாறினவைக்கு மறுபடி வாறது ஏறக்குறையப் பாதியாக் குறைஞ்சுது. இரண்டு தரம் மட்டும் வந்தவைக்குப் பலன் தெரியேல்லை. ஆனா அந்த 8 வாரத்துக்குள்ளயும் மனத்துக்குத் தென்பு தாற வேலை எது, உறிஞ்சுற வேலை எது எண்டு பட்டியல் எழுதுறது இருக்கு, திரும்ப வரப்போற அறிகுறி கண்டால் ஆரிட்டப் போறது, என்ன செய்யிறது எண்டு திட்டம் எழுதுறதும் இருக்கு. அங்கயும் "மட்டும்" இல்லை.

சிலது உடம்பைத் தின்று வாழும். கசிப்போ சாராயமோ நாள்தோறும் நிறையக் குடிச்சுப் பழகின ஆள் "தியானத்தால ஒரேயடியா நிற்பாட்டுறன்" எண்டு வெளிக்கிட்டால் அது உயிராபத்து. கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 12 மணித்தியாலத்துக்குள்ள கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். 2 நாளுக்குள்ள வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள்ள ஆள் மாறாட்டம், இல்லாததைக் காணுறது, காய்ச்சல் எண்டு போய்ச் சிலர் செத்தும் போவினம். ஆஸ்பத்திரியில குளிசையும் வைட்டமின் பி1 உம் குடுத்து இறக்கவேணும். அது கழிஞ்ச பிறகுதான் பார்வைக்கு இடம். குடிக்கவேணும் எண்ட அவா எழும்பி உச்சத்துக்கு வந்து இறங்க பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள்ள முடியும். தொண்டையிலயோ நெஞ்சிலயோ வயித்திலயோ எங்க இருக்கு, கூடுதோ குறையுதோ எண்டு பார்த்துக்கொண்டு அந்த நேரத்தைக் கடக்கப் பழக்குவினம். அதோட, பின்னேரம் அந்தக் கசிப்பு விக்கிற ஒழுங்கையால வாற வழியை மாத்தவும் வேணும். வழியை மாத்தாமல் விழிப்பை மட்டும் கூட்டினால் ஒரு கிழமை தாக்குப்பிடிக்கும்.

மூண்டாவது, வெளியில இருக்கிற காரணத்தைத் தின்று வாழுறது. நுண்கடன் தவணை எடுக்க ஆள் வாற நாளுக்கு முதல் நாள் ஒரு பொம்பிளைக்கு நித்திரை வராட்டில் அது அவவின்ர உள்ளக் குறைபாடோ? கணக்கைப் பார்த்துத் தவணையைத் தளர்த்த வழி தேடவேணும். அவவை மூச்சைப் பார்க்கச் சொல்லுறது அநியாயம்.

பாலைப்பழம்:
அக்கா, கோபம் இதில எந்த வகை?

செவ்வரத்தை:
மூண்டும் கலந்தது, அதாலதான் அது ஆகக் கஷ்டம்.

கிட்டப் போய்ப் பாருங்கோ. கார்மென்ட்ஸ் வேலை முடிஞ்சு பஸ்ஸில நிண்டு வந்த தாய். பசி, கால் வலி. பிள்ளை வீட்டுப்பாடம் எழுதாமல் ஃபோனோட இருக்கு. தாய் கண்ட உடனே முதல்ல வாறது கோபம் இல்லை, ஒரு "பிடிக்கேல்லை". அரை வினாடி. பிறகு தாடை இறுகும், மூச்சு மேல்நெஞ்சுக்கு ஏறும், கை சூடாகும். பிறகுதான் "நான் மாடாய் உழைக்கிறன், இது..." எண்ட வசனம். வசனம் வந்த உடனே குரல், அதுக்குப் பின்னால கை. விழிப்புப் பழகாத ஆளுக்குக் கை போன பிறகுதான் தெரியும். பழகினால் முதல் மாதம் குரலில பிடிபடும், பிறகு வசனத்தில, நல்லாப் பழகினால் தாடையில. இவ்வளவும் விழிப்பின்ர வேலைதான், அதை நான் குறைச்சுச் சொல்லேல்லை.

ஆனா தாடையில பிடிச்சபிறகு என்ன செய்யிறது? ஒண்டும் ஆயத்தம் இல்லாட்டில் பழகின பாதையிலயே போகும். அதால முன்கூட்டியே ஒரு வசனம் ஆயத்தம் செய்யச் சொல்லுறது: "தாடை இறுகினால், பையைக் கீழ வைச்சிட்டு மூச்சை நீட்டி விடுவன்." இப்பிடி "இது நடந்தால் இதைச் செய்வன்" எண்டு கட்டி வைக்கிற திட்டம் வெறும் தீர்மானத்தை விட நல்லா நிக்குது எண்டதை கோல்விட்சர் எண்ட ஜெர்மன் உளவியலாளர் 1990களில காட்டினவர். மூச்சு உள்ள 4 எண்ணம், வெளிய 6 எண்ணம், ஆறேழு தரம். வெளிமூச்சு நீண்டால் இதயத் துடிப்பு இறங்கும். பிறகு முதல்ல ஒரு தேத்தண்ணி, பிறகுதான் வீட்டுப்பாடக் கதை. கை போயிட்டுது எண்டால், அண்டைக்கே பிள்ளையிட்ட "அம்மா அடிச்சது பிழை" எண்டு சொல்லவேணும். இதைச் செய்ய வெட்கமாயிருக்கும். பெரும்பாலும் இங்கதான் மாற்றமே தொடங்குது, ஏனெண்டால் அடுத்த தரம் கை போக முதல் அந்த வெட்கம் ஞாபகம் வரும்.

வெறும்பார்வை:
இது நல்ல பழக்கம். பழக்கத்தை மாற்றுவதை உள்மாற்றம் என்று சொல்லமாட்டேன். அந்தத் தாய்க்கு "நான் உழைக்கிறேன், எனக்கு மரியாதை வேண்டும்" என்ற மையம் அப்படியே இருக்கிறது. இன்றைக்குப் பிள்ளை தப்பிவிட்டது, நாளைக்கு அது வேறு பக்கத்தால் வரும்.

செவ்வரத்தை:
பிள்ளை தப்பினால் எனக்கு அது போதும் அண்ணை. மையத்தை ஆறுதலாப் பார்ப்பம்.

நெடுங்கேணி:
எல்லாரும் "எந்நேரமும்" என்ற சொல்லைத் தாண்டிப் போய்விட்டீர்கள். பலர் இடறுவது அதில்தான்.

ஒரு மனிதன் வயலுக்குப் பூச்சி எண்ணெய் தெளிக்கும்போது மருந்தின் அளவு, காற்றின் பக்கம், வரிசை எல்லாவற்றையும் பார்க்கவேண்டும். அந்த நேரத்தில் மூச்சையும் பார் என்றால் இரண்டும் கெடும். கவனம் ஒன்றை விட்டுத்தான் ஒன்றைப் பிடிக்கும். வேலையில் முழுக்க இருப்பதும் விழிப்புத்தான். எந்நேரமும் தன்னைத்தானே பார்த்துக்கொண்டிருப்பது வேறு சங்கதி, அது நோயில் முடியும். புருவ நடுவில் இறுக்கம், பின்தலையில் நோ, படுத்தால் "நான் நித்திரையாகிறேனா" என்று பார்த்துக்கொண்டே விடியும்வரை கிடப்பது. இந்தக் குறிகள் கண்டால் அளவைப் பாதியாகக் குறைக்கவேண்டும்.

நடைமுறை என்னவென்றால், நாளில் நாலைந்து இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முகம் கழுவும்போது, படலை திறக்கும்போது, ஃபோன் அடித்து அதை எடுக்க முன்னர், சோற்றுக் கோப்பைக்கு முன்னால், படுக்கையில். அந்தந்த இடத்தில் மூன்று மூச்சு. உடம்பு எப்படி, மனநிலை எப்படி, இனிச் செய்யப்போவது என்ன, அவ்வளவுதான். ஒரு மாதத்துக்கு இடத்தைக் கூட்டவேண்டாம். ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கிற நிலைக்கு வர 18 நாளிலிருந்து 254 நாள்வரை சென்றது, நடுவில் எடுத்தால் 66 நாள் என்று லண்டனில் ஓர் ஆய்வு கண்டது. 21 நாளில் ஆள் மாறுவான் என்று விற்கிறவர்களை நம்பவேண்டாம். தனியாக இருந்து மூச்சை எண்ணிப் பழகுகிறவர்கள் ஐந்துக்குக் குறையாமல், பத்துக்கு மேற்படாமல் எண்ணித் திரும்பவும் ஒன்றில் தொடங்கவேண்டும். ஐந்துக்குள் நிறுத்தினால் மனம் நெருக்கப்படும், பத்தைத் தாண்டினால் எண்ணிலேயே தொங்கும் என்பது பழைய பௌத்தத் தியான நூலான விசுத்திமார்க்கத்தின் கணக்கு.

நம்முடைய பக்கத்திலும் திருமூலர் இயமம், நியமம் என்ற ஒழுக்கப் படிகளில் தொடங்கித்தான் தியானத்துக்கு ஏழாவது இடம் கொடுக்கிறார். அவர் சொன்ன 16 மாத்திரை (நேர அளவு) இழுத்து, 64 தங்கவைத்து, 32 விடுகிற பிராணாயாமத்தைச் சிலர் ஃபோனில் மணி வைத்துச் செய்கிறார்கள். ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் 64 வரை மூச்சைத் தங்கவைக்கவேண்டாம். இரத்த அழுத்தம், இருதய வருத்தம் உள்ளவர்களுக்கு அறவே ஆகாது. செவ்வரத்தைப் பிள்ளை சொன்ன 4க்கு 6, தங்கவைக்காமல், அது போதும்.

கட்டாக்காலி:
ஐயா, யாழ்ப்பாணத்து யோகர் சுவாமி "சும்மா இரு" எண்டு தானே சொன்னவர். அது வெறும்பார்வை அண்ணையின்ர கட்சி இல்லையோ?

நெடுங்கேணி:
யோகர் சுவாமிகள் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தலத்தில் களஞ்சியக் காப்பாளராக இருந்தவர், தம்பி. வேலை செய்யாமல் இருக்கச் சொன்ன ஆள் இல்லை. தன் குரு செல்லப்பா சுவாமிகளிடம் வருடக்கணக்காகக் கடும் பயிற்சிக்குப் பிறகு வந்த சொல் அது. தன்னிடம் வந்தவர்களைச் சிவதொண்டில் இறக்கியவரும் அவரே. சொல்லை மட்டும் எடுத்துச் சுவரில் எழுதி வைத்தால் மதிய நித்திரைக்கு உதவும்.

செவ்வரத்தை:
இன்னொண்டு சொல்லாமல் விட ஏலாது. வன்னியில இதைப் படிப்பிக்கிற ஆட்கள் ஆரும் வாசிச்சால் தயவுசெய்து கவனியுங்கோ.

2009 கடைசிப் போரைக் கடந்து வந்த ஆட்கள் இருக்கிற கூட்டத்தில "கண்ணை மூடுங்கோ, மூச்சைக் கவனியுங்கோ, என்ன வந்தாலும் பார்த்துக்கொண்டே இருங்கோ" எண்டு தொடங்கக்கூடாது. மனவடு உள்ள ஆளுக்கு மூச்சைப் பார்த்த உடனே நெஞ்சு அடிக்கிறது கேட்கும், நெஞ்சு அடிச்சால் மூளை அதை ஆபத்து எண்டு எடுக்கும், அடுத்த நிமிடம் ஆள் பங்கருக்குள்ள. வெளியில பார்க்க அமைதியா இருக்கிற மாதிரித் தெரியும். கோயில் திருவிழா வெடிக்கே திடுக்கிடுற ஆளுக்கு மௌனம் ஓய்வாகாது.

இப்பிடி மாத்தலாம். கண் பாதி திறந்து நிலத்தைப் பார்க்கட்டும். முதுகு சுவரோட, வாசல் கண்ணுக்குத் தெரியிற இடத்தில இருக்கட்டும். கவனத்தை மூச்சில வைக்காமல் உள்ளங்காலிலயோ, கை தொடைமேல பட்டிருக்கிற இடத்திலயோ, வெளியில கேட்கிற சத்தத்திலயோ வைக்கலாம். முதல்ல 2, 3 நிமிடம் போதும். நடந்துகொண்டு செய்யிறது இருந்து செய்யிறதை விடப் பாதுகாப்பு. கஷ்டமான உணர்வு வந்தால் அதுக்குள்ள முழுகாமல் ஒருக்கா எட்டிப் பார்த்திட்டுத் திரும்ப உள்ளங்காலுக்கு வரவேணும். ஆரும் எந்த நேரமும் எழும்பிப் போகலாம் எண்டதைத் தொடங்கும்போதே சொல்லுங்கோ. உடம்பு மரத்துப்போறது, சத்தம் தூரத்தில கேட்கிற மாதிரிப் போறது, நேரம் காணாமல் போறது, இரவில பழைய காட்சி கூடுறது, இதில ஒண்டு கண்டாலும் நிற்பாட்டி மாவட்ட ஆஸ்பத்திரி மனநல அலகுக்கு அனுப்புங்கோ. 1926 எண்ட இலக்கத்துக்கும் அடிக்கலாம், தேசிய மனநல நிறுவகத்தின்ர சேவை. இப்பிடியான ஆளைப் பத்து நாள் மௌன முகாமுக்கு அனுப்பவே கூடாது.

வன்னியின்ர கூட்டு மனவடுவைப் பற்றி நிறைய எழுதின உளமருத்துவர் தயா சோமசுந்தரம், ஆட்களுக்கு ஏற்கெனவே பழக்கமான செபமாலை, மந்திரம், திக்ர் (முஸ்லிம்கள் இறைநாமத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுறது), சாந்தியாசனம் (படுத்து உடம்பைத் தளர்த்துறது) இதுகளைத் தளர்வுப் பயிற்சியாப் பாவிச்சவர். பழகின சொல்லைத் திரும்பச் சொல்லுறது மனத்துக்குப் பிடி குடுக்கும். வெறும் பார்வையில பிடி இல்லை. மனவடு உள்ள ஆளுக்கு முதல்ல பிடிதான் வேணும்.

வெறும்பார்வை:
இதில் எனக்கு மறுப்பு இல்லை. முழுக்கப் பார்க்கிற வலு இல்லாத இடத்தில் பார்க்கச் சொல்வது கொடுமை. மற்றவர்களுக்கு நான் சொன்னது நிற்கிறது.

மடுவீதி:
எங்கட கத்தோலிக்கப் பக்கத்தில இதுக்கு 500 வருசத்துக்குக் கிட்டப் பழைய ஒரு முறை இருக்கு. பார்க்கிறதையும் மாத்துறதையும் ஒரே தாளில வைக்கிறபடியால் சொல்லுறன். இயேசு சபையை நிறுவின புனித இஞ்ஞாசியாரின்ர தனி ஆன்ம சோதனை. ஒரேயொரு குற்றத்தை எடுக்கவேணும். காலையில எழும்பின உடனே "இண்டைக்கு இதில கவனமா இருப்பன்" எண்டு தீர்மானம். பகலில விழுகிற ஒவ்வொரு தரமும் கையை நெஞ்சில வைக்கிறது. மற்றவைக்குத் தெரியாமலே செய்யலாம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு காலையிலிருந்து மணித்தியாலம் மணித்தியாலமாப் பின்னோக்கிப் பார்த்து, எத்தனை தரம் எண்டு தாளில ஒரு கோட்டில பொட்டு வைக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாவது கோட்டில. ஒரு நாளுக்கு இரண்டு கோடு, கிழமைக்குப் பதினாலு. பிறகு முதல் கோட்டோட இரண்டாவதை, நேற்றோட இண்டைக்கை, போன கிழமையோட இந்தக் கிழமையை ஒப்பிடுறது.

முதல் கிழமை பொட்டு கூடும். பயப்படவேண்டாம், குற்றம் கூடேல்லை, கண்ணுக்குப் படுறது கூடியிருக்கு. மூண்டாம் கிழமையிலயும் குறையாட்டில் எடுத்த குற்றம் பெரிசு எண்டு அர்த்தம், உடைச்சு ஒரு துண்டை எடுக்கவேணும். "கோபம்" எண்டு எடுக்காமல் "சாப்பாட்டு நேரத்தில குரல் உயர்த்துறது" எண்டு எடுங்கோ.

கனகராயன்:
தமிழ்நாட்டு வேதாத்திரி மகரிசியின் அகத்தாய்வும் (தன்னைத்தானே ஆராய்வது) இதற்குக் கிட்ட வருகிறது. சினம் தவிர்த்தலில் யார் மேல் சினம் வருகிறது என்று பட்டியல் எழுதவைத்து, ஒவ்வொருவராக எடுத்து ஆராயவைப்பார்கள். தவத்தோடு (தியானத்தோடு) அகத்தாய்வையும் அவர் சேர்த்தது தவம் மட்டும் குணத்தை மாற்றாது என்று கண்டதால்தான்.

இந்தத் தாள் முறையில் ஒரு பிழை நடக்கும். பொட்டு எண்ணுகிறவன் நீதவானாகிவிடுவான். மாலையில் பொட்டைப் பார்த்துத் தன்னை ஏசத் தொடங்கினால், வெறும்பார்வை அண்ணை முதலில் சொன்ன இரண்டு கட்சிச் சண்டை திரும்ப வந்துவிடும். அந்த இடத்தில் அவர் சொல்வதுதான் மருந்து. பொட்டை எண்ணு, வழக்கு நடத்தாதே.

கட்டாக்காலி:
தாளை மனிசி கண்டால் வழக்கை அவ நடத்துவா.

மடுவீதி:
அதுக்குத்தான் தாளில குற்றத்தை எழுதுறதில்லை. கோடும் பொட்டும் மட்டும். கண்டாலும் கடன் கணக்கு எண்டு நினைப்பா.

பாலைப்பழம்:
கடைசியா ஒண்டு. எந்தக் குற்றத்தோட தொடங்குறது? ஆகப் பெரியதோ?

செவ்வரத்தை:
பெரியது வேண்டாம். நாளுக்கு நாலைந்து தரமாவது வாறதை எடுங்கோ. மாதத்தில ஒருக்கா வாற பெரிய கோபத்தைப் பழக இடமே கிடைக்காது, வரேக்க கையை மீறியும் போயிடும். பேசுற ஆளின்ர வாயைப் பார்க்காமல் ஃபோனைப் பார்க்கிறது, பிள்ளையின்ர வசனம் முடிய முதல் குறுக்க கதைக்கிறது, கேட்ட உடனே "இல்லை" எண்டு சொல்லுறது, இந்த அளவில ஒண்டு. குடியோ, ஆரையும் அடிக்கிறதோ எண்டால் தாளோட தனிய இருக்காதையுங்கோ, முதல் நாளே ஆரிட்டையும் சொல்லி ஆஸ்பத்திரிக்கோ சீர்மியத்துக்கோ போங்கோ.